செய்தவர் இல்லாத வாக்கியங்கள்

2001 ஜூன் 18, திங்கள்

சுந்தரேஷுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தேர்வில் ஒன்பதுக்கு ஐந்து. ஆஸ்திரேலியாக்காரனுக்கு வேண்டியது ஆறு. கேட்பதில் எட்டு, படிப்பதில் ஏழு, பேசுவதில் ஏழு. எழுத்தில் மட்டும் ஐந்து.

தில்லி சரோஜினி நகர் மார்க்கெட் மாடியில், ஒரு கோச்சிங் சென்டரில், வாரம் ஆறு நாள் இதே பரீட்சைக்குப் பாடம் நடத்துகிறவள் நான். ஊரில் இருக்கிற நர்ஸுகளையும் என்ஜினீயர்களையும் பிளேன் ஏற்றிவிடுகிறேன். கட்டின புருஷன் ஐந்து வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். சென்டரில் தெரிந்தால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா?

"உன்கிட்ட படிச்சிருக்கணும்" என்றார். மூன்று மாதமாக நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்காட்டவில்லை. அதற்கு எனக்கு நானே ஒரு சபாஷ்.

(நேரில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே எழுதுகிறேன், யார் கேட்கப்போகிறார்கள்? அவர் இங்கேயே கிட்வாய் நகரில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. அதனால் இந்த நோட்டு சாப்பாட்டு மேஜை மேலேயே கிடக்கிறது.)

ஜூன் 24, ஞாயிறு

முதல் பாடம். சாப்பாட்டு மேஜையில். கூலர் சத்தத்தில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன்.

பரீட்சையின் சூட்சுமம் இவ்வளவுதான். கேள்வியில் இருக்கிற வாக்கியத்தையே திருப்பி எழுதினால் மதிப்பெண் கிடையாது. அதே அர்த்தம் வேண்டும், வேறு கட்டுமானம் வேண்டும். அதற்குச் சுலபமான வழி, வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக மாற்றிவிடுவது. விலை ஏறியது என்றால் விலையில் ஏற்றம் காணப்பட்டது. ஜனங்கள் ஊரை விட்டுப் போனார்கள் என்றால் மக்களின் இடப்பெயர்வு. உடனே பெரிய மனுஷத்தனம் வந்துவிடுகிறது. பரீட்சைக்காரனுக்கும் அதுதான் பிடிக்கிறது.

போன வாரம் வகுப்பு முடிந்ததும் செல்வி சொன்னாள். தூத்துக்குடிப் பெண், இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இங்கிலாந்துக்குப் போகப் படிக்கிறாள். "மிஸ், இது எங்க வார்டு ரெக்கார்டு மாதிரில்லா இருக்கு. ஊசி போட்டேன்னு எழுத மாட்டோம். ஊசி போடப்பட்டதுன்னுதான் எழுதுவோம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம கழுத்துக்கு வராதுல்லா."

சுந்தரேஷிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "கரெக்ட். எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். டிலே ஆயிடுத்துன்னு எழுதுவோம். யார் டிலே பண்ணினான்னு எழுதினா வேலை போயிடும்."

சிரித்தார் என்று எழுதியிருக்கிறேன். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள்?

ஜூன் 27

கரண்ட் இல்லை. பாடமும் இல்லை. இரண்டு பேரும் எங்கள் முனிர்கா காலனி மொத்தமும் விசிறிக்கொண்டிருப்பதைப் பால்கனியில் நின்று பார்த்தோம்.

ஜூலை 8, ஞாயிறு

வினையைப் பெயராக்கு என்றால் கடகடவென்று எழுதிவிடுகிறார். பெயரைத் திருப்பி வினையாக்கு என்றால் முழிக்கிறார். "தொழிற்சாலையின் மூடல் வேலையிழப்புக்கு வழிவகுத்தது" என்று கொடுத்தேன். இதை, யார் மூடினார்கள், யாருக்கு வேலை போயிற்று என்று உடைத்து எழுத வேண்டும். பேனாவைக் கடித்துக்கொண்டு கால்மணி உட்கார்ந்திருந்தார். "யார் மூடினான்னு இதுல போடலையே" என்றார். நீங்கள்தான் போட வேண்டும் என்றேன். "தெரியாததை எப்படிப் போடறது?"

சரி, சுலபமாக ஏதாவது கொடுப்போம் என்று மாதிரித்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினேன். பார்க்காமல் நீட்டினேன். என் தப்பு.

ஐந்து நாடுகளில் சிசு மரண விகிதம். பட்டை வரைபடம்.

அவர் ஒரு விநாடி பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். "பச்சிளம் குழந்தைகளின் இறப்பில் குறிப்பிடத்தக்க சரிவு காணப்பட்டது." அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒன்றரைப் பக்கம். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். "சரியா இருக்கான்னு பாரு" என்று கூப்பிட்டார். வந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. டிக் போட்டேன்.

இந்த நோட்டில் அதை இதுவரை எழுதினதில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தான். 1999 அக்டோபர் 9. எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டான், கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் பண்ணிப் பெயர் வைப்பது என்று மாயவரத்திலிருந்து அம்மா வந்து எல்லாம் தயாராக வைத்திருந்தாள். ஒன்பதாம் நாள் காலை போய்விட்டான். இரண்டு நாள். இரண்டே நாள் இருந்திருந்தால் பெயரோடு போயிருப்பான்.

எனக்குத் தையல் பிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போக முடியாது. அவர்தான் எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது தலை ஈரமாக இருந்தது. "அடக்கம் ஆயிடுத்து" என்றார். எங்கே என்றேன். "யமுனைப் பக்கம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது "அந்த விஷயம்" ஆகிவிட்டது. யார் கேட்டாலும், அந்த விஷயத்துக்கப்பறம் சியாமளாவுக்கு உடம்பு சரியில்லை என்று என்னைச் சொல்வார். அந்த விஷயத்துக்கப்பறம் நாங்க வெளிநாடு போலாம்னு இருக்கோம்.

நாங்கள் இரண்டு பேரும் இதற்காக ஒருநாள் சேர்ந்து அழுததில்லை. சண்டை கூடப் போட்டதில்லை. போட்டிருக்கலாம்.

ஜூலை 30, திங்கள்

செல்விக்கு எழுத்தில் ஏழு. ஒரு பெட்டி மில்க் கேக்கோடு வந்தாள். "நீங்க எப்ப மிஸ் கெளம்புதீங்க?" என்றாள். அவர் பாஸானதும் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் ஆசை வந்தது. வேறு ஊர், வேறு வீடு. அங்கே போனால் அவர் வாயைத் திறப்பாரோ என்னவோ.

செப்டம்பர் 22, சனி

இரண்டாம் முறை எழுதிவிட்டு வந்தார். "என்ன வந்தது?" "குடிதண்ணீர்ப் பற்றாக்குறை." நல்லவேளை.

அக்டோபர் 5, வெள்ளி

ஏழு! எழுத்தில் ஏழு!

கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பக்கத்து சீட்டுக்காரனுக்கு ப்ரமோஷன் வந்த மாதிரி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு அவருக்கே வெட்கமாகப் போய் ஜிலேபி வாங்கக் கீழே ஓடினார். திரும்பி வந்து, "உன்னாலதான் சியாமா" என்றார்.

சந்தோஷமாக இருக்கிறேன். இதையும் எழுதிவைக்க வேண்டும், பின்னால் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

அக்டோபர் 9

இன்றைக்கு இரண்டு வயது. அவர் ஆபீஸ் போய்விட்டு வந்தார். நான் சென்டருக்குப் போய்விட்டு வந்தேன்.

அக்டோபர் 14, ஞாயிறு

குடியேற்ற விண்ணப்பத்தை அவரே முழுசாகப் பூர்த்தி செய்து வைத்திருந்தார். ஆபீஸில் கட்டட ப்ளூப்ரின்ட்டில் எழுதுகிற அதே பெரிய எழுத்து. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாம் பக்கத்தில், குழந்தைகள் என்ற கட்டம். அதில் "இல்லை" என்று எழுதியிருந்தார்.

இது என்ன என்றேன்.

"என்ன?"

"இல்லைன்னு எழுதியிருக்கேளே."

"அது உசிரோட இருக்கற கொழந்தேளுக்கான கட்டம், சியாமா."

"அப்படின்னு போட்டிருக்கா? எங்க போட்டிருக்கு, காட்டுங்கோ."

"போட்டிருக்கோ இல்லையோ, பேர்ங்கற கட்டத்துல நான் என்ன எழுதறது? பர்த் சர்ட்டிஃபிகேட்லயே பேர் ப்ளாங்க்கா இருக்கு. பேர் வெக்கலையே."

"நான் வெச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். "எப்போ?"

"எட்டாம் நாள். கண்ணாடிக்கு வெளில நின்னுண்டு கூப்பிட்டேன். ப்ரணவ்னு. மூணு தடவ கூப்பிட்டேன்."

யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அவர் விண்ணப்பத்தின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துப் பிரித்தார். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது, வந்ததும் நிற்கவில்லை. இரண்டு வருஷக் கோபம். "எங்க வெச்சேள் அவனை? எனக்குக் காட்டுங்கோ. ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன். அப்பறம் எங்க வேணா கையெழுத்துப் போடறேன், எந்த தேசத்துக்கு வேணா வரேன். காட்டாம போட மாட்டேன்."

விண்ணப்பத்தை மூடிவைத்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை" என்றார்.

அக்டோபர் 21, ஞாயிறு

சைட்டில் அவசர வேலையாம். நொய்டா போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை என்ன அவசரம்?

அக்டோபர் 28, ஞாயிறு

ஜுரம் என்று படுத்திருக்கிறார். தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்லை.

விண்ணப்பம் ஃப்ரிட்ஜ் மேல் துணிக்கு அடியில் கிடக்கிறது. இரண்டு பேரும் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அவருக்கு அங்கே போவது எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் கையால் செய்த காரியம். அவரை இவ்வளவு வதைக்கிறேனே என்று பாவமாகக்கூட இருக்கிறது. ஆனால் எனக்குப் போக வேண்டும்.

நவம்பர் 4, ஞாயிறு

போனோம்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்குப் புத்தி பேதலித்துவிடும்.

காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ. சின்னக் குழந்தைகளைப் புதைத்த இடத்தில் பால் விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரு தூக்கில் பால் எடுத்துக்கொண்டேன். அவர் தூக்கைப் பார்த்தார். ஆட்டோக்காரரிடம் முதலில் நேராகப் போகச் சொன்னார். பிறகு திரும்பச் சொன்னார். பாலம் தாண்டியதும் மறுபடி திரும்பச் சொன்னார். "பையா, இதர் நஹீ, உதர்." இங்கே இல்லை, அங்கே. ஆட்டோக்காரர் சலித்துக்கொண்டு, இறங்கி நடந்து தேடிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

யமுனை நாற்றமடித்தது. மணல்மேடு, முள்மரங்கள், காய்கறிப் பாத்தி. அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். ஒரு மரத்தடியில் நின்றார். "இங்கதான்" என்றார்.

நான் செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்தேன். மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். தூக்கைத் திறந்து சாய்க்கப் போனேன். அவர் சட்டென்று குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். இங்க இல்ல."

"அப்பறம் எங்க?"

"தெரியாது."

"ரெண்டு வருஷம் ஆச்சே, எடம் மறந்திருக்கும். சுத்திப் பாப்போம், வாங்கோ." அப்படித்தான் சொன்னேன் நான். மடச்சி.

"மறக்கல, சியாமா. நான் போகவே இல்ல."

வார்டு ஆள் ஒருவன் வந்தானாம். நாங்களே பார்த்துக்கொள்கிறோம் சாப், நிறையப் பேர் எங்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்றானாம். "துணில சுத்தி வெச்சிருந்தா. கைல எடுத்தேன். கனமே இல்ல. அவன் கையை நீட்டினான். குடுத்துட்டேன். எடுத்துண்டு காரிடார் கோடில திரும்பிட்டான். அப்பறம் நான் வெளில வந்து பஸ் ஸ்டாப்புல உக்காந்துண்டேன். சாயங்காலம் வரைக்கும். அப்பறம் அப்பாவாத்துக்குப் போய்க் குளிச்சேன்."

பஸ் ஸ்டாப்பில்.

ஐயோ, எங்க கொண்டுபோனான் அவன்? எங்க வெச்சான்? வெச்சானா? குழி தோண்டினானா இல்ல — என்னத்த எழுதறேன் நான்.

அவர் மணலில் உட்கார்ந்து அழுதார். இரண்டு வருஷமாக அவர் அழ வேண்டும் என்று காத்திருந்தேன். அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. அடக்கம் ஆயிடுத்து என்றார். நான் அடக்கம் பண்ணினேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. செய்தவர் இல்லாத வாக்கியத்தில் அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தது நான். நாளெல்லாம் இதையே பாடமாக நடத்துகிறவளுக்கு, யார் என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

பாலை வீட்டுக்கு எடுத்து வந்து காய்ச்சி வைத்தேன். வேறு என்ன செய்வது?

நவம்பர் 6, செவ்வாய்

பேசவில்லை.

நவம்பர் 7, புதன்

காலையில் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "நான் பயந்துட்டேன், சியாமா. வேற ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன்."

எனக்கு அது புரிகிறது. நன்றாகப் புரிகிறது. முப்பத்தொரு வயதுக்காரர், கையில் அப்படி ஒன்றைக் கொடுத்தால் யாருக்குத்தான் பயம் வராது? அன்றைக்குச் சாயங்காலம் வந்து என் கட்டில் பக்கத்தில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து பயந்திருப்பேன். இரண்டு பேருமாக அந்த ஆளைத் தேடிப் பிடித்திருப்போம். ஒரு பகல்தானே ஆகியிருந்தது, அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

"நீங்க போங்கோ. நான் வரல" என்றேன்.

"இதுக்காகவா?"

"இதுக்காகத்தான்."

நவம்பர் 18, ஞாயிறு

மறுபடி கேட்டார். இல்லை என்றேன். தனக்கு மட்டும் புது விண்ணப்பம் கொண்டுவந்து எழுதுகிறார். குழந்தைகள் கட்டத்துக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன். என்ன எழுதினார் என்று தெரியாது.

2002 மார்ச் 12, செவ்வாய்

பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாவது தடவை. இன்றைக்கு ஒரு க்ளார்க் இரக்கப்பட்டுப் பழைய ரிஜிஸ்தரை எடுத்துக் காட்டினார். "உடல் ஒப்படைக்கப்பட்டது." யாரால், யாரிடம், ஒன்றும் இல்லை. அந்த வருஷம் வார்டில் வேலை பார்த்தவர்கள் எல்லாம் தினக்கூலி ஆட்களாம், பட்டியல் கிடையாதாம். தேங்க்யூ சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே பஸ் ஸ்டாப். இந்த பஸ் ஸ்டாப்பாகத்தான் இருக்க வேண்டும். நானும் உட்கார்ந்தேன். அங்கிருந்து வார்டு ஜன்னல்கள் தெரிகின்றன. என் ஜன்னலும் தெரிந்திருக்கும் அவருக்கு.

மே 2

வகுப்பில் புது பேட்ச். முதல் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய் ஜன்னலைச் சாத்தினேன். தூசி என்றேன்.

ஆகஸ்ட் 17, சனி

சுந்தரேஷ் மெல்போர்ன் போனார். ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை. பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றிவிட்டு மறுபடி மாடியேறி வந்தார், எதையோ மறந்துவிட்ட மாதிரி. ஹாலில் நின்றார். "ஜாக்கிரதையா இரு" என்றார். நீங்களும் என்றேன். கல்யாணமாகி எட்டு வருஷம். அவர் சாப்பிட்ட தட்டு தொட்டியில் கிடந்தது. அதைக் கழுவும்போது அழுதேன். நிறைய அழுதேன். போகாதீங்கோ என்று சொல்லியிருப்பேனா, இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால்? தெரியாது.

அக்டோபர் 9

மூன்று வயது. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை. குருக்கள் பெயர் கேட்டார். ப்ரணவ் என்றேன். நட்சத்திரமும் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது நன்றாக இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

பிறப்புச் சான்றிதழில் விட்டுப்போன பெயரைச் சேர்க்க முடியுமாம். பெற்றவர்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பாரத்தை மெல்போர்னுக்கு அனுப்பியிருக்கிறேன். கூட ஒரு வரியும் எழுதவில்லை. என்ன எழுதுவது?

டிசம்பர் 11, புதன்

வந்துவிட்டது. கடிதம் இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் காலியாக விட்டிருந்த பெயர்க் கட்டத்தையும் அவரே பூர்த்தி செய்திருக்கிறார், அதே பெரிய எழுத்தில். பேனாவை ரொம்ப அழுத்தியிருக்கிறார். தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது.

2003 ஜனவரி 21, செவ்வாய்

நகராட்சி ஆபீஸ். பனி விலகவே பதினொரு மணி ஆயிற்று. ஜன்னலில் நீள க்யூ. எனக்கு முன்னால் நின்ற பஞ்சாபிப் பெண்ணின் கையில் ஒரு பையன், குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

க்ளார்க் வயசானவர், நல்ல மாதிரி. பாரத்தை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தார். கணக்குப் போட்டு, "நர்சரி அட்மிஷனா?" என்று ஹிந்தியில் கேட்டார். ஜனவரியில் அந்த ஜன்னலுக்கு வருகிற எல்லாரும் அதற்குத்தான் வருகிறார்கள் போலிருக்கிறது.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாம்" என்றேன்.

"பெயரில்லாத சர்ட்டிஃபிகேட்டை ஸ்கூலில் வாங்க மாட்டார்கள். கடைசி நிமிஷத்தில்தான் எல்லாரும் ஓடி வருகிறீர்கள்." முத்திரையைத் தேடிக்கொண்டே பேசினார். "எண்ணத் தெரியுமா பையனுக்கு?"

"இருபது வரைக்கும்."

"ஹிந்தி பேசுவானா?"

"வீட்டில் தமிழ்தான்."

"அதுதான் தப்பு. எல்லா மதராஸிகளும் இதையே செய்கிறீர்கள். இன்டர்வியூவில் மேடம் ஹிந்தியில் கேட்டால் குழந்தை பயந்துபோய் நிற்கும்." முத்திரையைக் குத்தினார். தாளை என் பக்கம் தள்ளினார். "தினமும் பக்கத்தில் உட்காரவைத்து நாலு வார்த்தை ஹிந்தியில் பேசுங்கள், மேடம். பேசினால்தான் பயம் போகும்."

சரி, பேசுகிறேன் என்றேன்.